பைக்கில் போகும்போது 9,000 பாட்டை எப்படிக் கேட்பது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும். புதுச்சேரி முதலியார்பேட்டையிலிருந்து கடலூர் சிப்காட்டுக்குத் தினமும் பைக்கில் வேலைக்குப் போய் வருகிறீர்கள். அப்பா காலத்திலிருந்து சேர்ந்த சுமார் 9,000 பாட்டு ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில் கிடக்கிறது. அப்பா கோயில் திருவிழாக்களில் கேசட்டில் பதிந்த நாதஸ்வரக் கச்சேரிகளும் அதில் உண்டு. பொங்கல் லீவில் ராமேஸ்வரம் வரை வண்டியிலேயே போகப்போகிறீர்கள். மொத்தப் பாட்டும் கூடவே வர வேண்டும். ஃபோனில் போடுவதா, தனி பிளேயர் வாங்குவதா, ஹேண்டில்பாரில் ஸ்பீக்கர் மாட்டுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஹார்ட் டிஸ்க் இப்போதெல்லாம் 'டிக் டிக்' என்கிறது என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன். எந்தக் கருவி என்று முடிவு செய்வது இதில் சின்ன வேலை, தம்பி. ஓடும் வண்டியில் கையை எடுக்காமல், பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரனைத் தவறவிடாமல், அந்த 9,000இல் எதைக் கேட்பது என்பதைத்தான் நீங்கள் கேட்டிருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

நான் யார் என்றும் சொல்ல வேண்டும். 1990களில் திருப்பாதிரிப்புலியூரில் கேசட்டில் பாட்டு பதிந்து கொடுக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தவன். பட்டியல் எழுதிக் கொடுப்பார்கள். 90 நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். கடைசிப் பாட்டு சரணத்தில் அறுந்துபோகாமல் கூட்டிக் கழித்துப் பதிய வேண்டும். அப்புறம் எம்பி3 சிடி வந்தது, அப்புறம் மெமரி கார்டில் பாட்டு ஏற்றுவது. (அதில் பெரும்பாலானவை காப்புரிமைச் சட்டப்படி செய்யக் கூடாத வேலை. அப்போது தெருவுக்கு ஒரு கடை அதைத்தான் செய்தது, நாங்களும் செய்தோம்.) அந்தத் தொழில் படுத்த பிறகு வண்டி எலக்ட்ரிகல் வேலைக்கு வந்தேன். பன்னிரண்டு வருடமாக பைக்குகளுக்கு லைட், சார்ஜர், ஹெல்மெட் ஸ்பீக்கர் மாட்டித் தருகிறேன். காது டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. அந்த இரண்டு விஷயத்திலும் நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு இடம் வேண்டும் என்பது சுலபம். 128 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட் தரவு) தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டு சுமார் 5 எம்பி, 320இல் 12 எம்பி. உங்கள் 9,000 பாட்டும் உயர்ந்த தரத்தில் இருந்தால்கூட 108 ஜிபிதான், ஒரு 128 ஜிபி கார்டில் அடங்கிவிடும். தரம் குறையாமல் சுருக்கிய ஃப்ளாக் கோப்புகளாக இருந்தால் இரண்டு மூன்று மடங்கு ஆகும். பைக்கில் அந்த வித்தியாசம் எந்தக் காதுக்கும் தெரியாது, வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். 128இல் இருப்பதை 320ஆக மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். கோப்புதான் பெருக்கும், போன சத்தம் திரும்பாது. இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். 9,000 பாட்டு என்றால் 750 மணி நேரம். தினம் போக வர இரண்டு மணி நேரம் கேட்டாலும் ஒரு சுற்று முடிய வருடத்துக்கு மேல் ஆகும். மொத்தமும் கூடவே வர வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது, எனக்கும் இருந்தது. ஆனால் வண்டி ஓட்டும்போது தேவைப்படுவது அன்றைய ஒரு மணி நேரத்துக்கான பன்னிரண்டு பாட்டுதான்.

இனி காற்று. பைக்கில் பாட்டைக் கெடுப்பது இன்ஜின் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 60, 65 கிலோமீட்டர் வேகம் தாண்டியதும் ஹெல்மெட்டைச் சுற்றி ஓடும் காற்றின் இரைச்சல் இன்ஜினை முழுங்கிவிடும். 100இல் போனால் ஹெல்மெட்டுக்குள் அது 95 டெசிபலைத் தாண்டும். 85 டெசிபல் சத்தம் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை காது தாங்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். இது நியோஷ் என்ற அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் தொழிலாளர்களுக்கு வைத்திருக்கும் வரம்பு. 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு 1 மணி, 97க்கு அரை மணி. பாட்டே போடாமல் வெறும் காற்றுக்கே இந்தக் கணக்கு. பாட்டு கேட்க வேண்டுமென்றால் அந்தக் காற்றை மீறி வால்யூமை ஏற்றுவோம். வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியதும் காதில் 'ஙொய்' என்று ஒரு சத்தம் தங்கி நிற்கிறதா? அது காது கெஞ்சும் சத்தம். அடுத்த நாள் போய்விடுகிறது என்று விட்டுவிடாதீர்கள். தொடர்ந்து இருந்தால் டாக்டரிடம் போங்கள்.

அதனால் நான் எல்லோரிடமும் முதலில் வாங்கச் சொல்வது எட்டணா சமாச்சாரம்: காதுக்குள் திருகி வைக்கும் ஃபோம் இயர் பிளக். சிப்காட்டில் வேலை என்றால் உங்கள் கம்பெனியிலேயே கொடுப்பார்கள். அட்டையில் 30 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருக்கும். விரலால் உருட்டி மெலிதாக்கி, காதை மேலே இழுத்துப் பிடித்து நுழைத்தால்தான் அது பலிக்கும். சும்மா அமுக்கி வைத்தால் பாதிகூட வராது. பிளக்கை வைத்துக்கொண்டு அதற்கு மேல் ஹெல்மெட் ஸ்பீக்கரில் பாட்டு கேட்கலாமா என்று ஆச்சரியப்படுவார்கள். கேட்கலாம். காற்றும் பாட்டும் ஒன்றாகக் குறைகின்றன, காது திணறாததால் குரல் முன்பைவிடத் தெளிவாகவே வருகிறது. ஹாரனும் அதேபோல் காற்றோடு சேர்ந்துதான் குறையும், ஆகவே ஹைவேயில் அது மறைந்துபோவதில்லை. ஊருக்குள் மெதுவாகப் போகும்போது கதை வேறு. அங்கே காற்று இல்லை, பிளக் ஹாரனைத்தான் குறைக்கும். அங்கே கழற்றிவிடுங்கள்.

எந்தப் பாட்டு காற்றைத் தாண்டி வரும் என்பதில்தான் எனக்கு ருசி அதிகம், கொஞ்சம் நீட்டுகிறேன். காற்றிரைச்சல் பெரும்பாலும் கீழ்ஸ்தாயிச் சத்தம். கீழ்ஸ்தாயிச் சத்தம் தன்னைவிட மேலே இருப்பதையும் மூடும் குணமுள்ளது. பேஸ் கேட்கவில்லையே என்று ஈக்வலைசரில் பேஸை ஏற்றுவது எல்லோரும் செய்யும் தப்பு. ஏற்றிய பேஸ் காற்றோடு கலந்து குரலையும் அமுக்கும். பேஸைக் குறைத்து, 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தைக் கொஞ்சம் தூக்குங்கள். சொல் புரிவது அங்கேதான். இதையே பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரைகல்லாகவும் வைத்துக்கொள்ளலாம். மிருதங்கத்தின் வலந்தலை கேட்கும், தொப்பி காணாமல் போகும். வீணை போயே போச்சு. சீர்காழி கோவிந்தராஜன் குரலை எந்தக் காற்றும் அசைக்காது, டி.எம். சௌந்தரராஜனும் அப்படியே. பி.பி. ஸ்ரீநிவாஸ் பாடினால் உதடு அசைவது மாதிரிதான் இருக்கும். அவரை வீட்டு மொட்டை மாடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 50, 60களின் பாட்டுகள் பைக்குக்கு நன்றாகப் பொருந்துவதற்கு அந்தக் காலத்து ஒலிப்பதிவே காரணம். மோனோ, குரல் முன்னால், ஆழத்தில் அதிகம் இல்லை, மெதுவான இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் பெரிய தூரம் இல்லை. கச்சேரிப் பதிவில் ஆலாபனை மெதுவாகத் தொடங்கும், நீங்கள் வால்யூமை ஏற்றுவீர்கள், தனி ஆவர்த்தனத்தில் காது கிழியும். இதற்கெல்லாம் விதிவிலக்கு உங்கள் அப்பா பதிந்த நாதஸ்வரம். திறந்தவெளியில், தேர் இரைச்சலில், கூட்டத்தை மீறிக் கேட்பதற்கென்றே செய்த வாத்தியம் அது. கேசட்டின் 'உஸ்' சத்தத்தைக் காற்று விழுங்கிவிடும், நாதஸ்வரம் மட்டும் நிற்கும். உங்கள் 9,000இல் வண்டிக்கு ஏற்றது அதுதான் என்று என் பந்தயம்.

ஹேண்டில்பார் ஸ்பீக்கர் வேண்டாம். 40 கிலோமீட்டருக்கு மேல் உங்களுக்கே கேட்காது, ரோட்டோரத்தில் இருப்பவர்களுக்குத்தான் கேட்கும். காதுக்குள் நுழையும் இயர்போன் சத்தத்தை நன்றாகக் கொடுக்கும், ஆனால் ஹெல்மெட் போடும்போது பிடுங்கிக்கொண்டு வரும், ஒரு மணி நேரத்தில் காதுமடல் வலிக்கும். கன்ன எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் ஹெட்போன் நடைப்பயிற்சிக்கு அருமை. ஹெல்மெட் அதை அழுத்தி இடம் மாற்றிவிடும், காதைத் திறந்தே விடுவதால் காற்று தாராளமாக உள்ளே வரும். மிஞ்சுவது ஹெல்மெட் ஸ்பீக்கர். ஹெல்மெட்டின் உள்பஞ்சில் காதுக்கு நேராக ஒரு குழி இருக்கும், 40 மில்லிமீட்டர் ஸ்பீக்கர் அங்கே உட்காரும். குழியில்லாத ஹெல்மெட்டில் தெர்மோகோலைக் கத்தியால் வெட்டிக் குழி போடச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். செய்ய மாட்டேன். விழுந்தால் அடியை வாங்குவது அந்தத் தெர்மோகோல்தான். ஸ்பீக்கரை ஒட்டும்போது காதுத் துளைக்கு நேராக வைத்துப் பாருங்கள்; ஒரு சென்டிமீட்டர் தள்ளினாலே பாதிச் சத்தம் போய்விடும். விலை உயர்ந்த செட் வாங்கிவிட்டுச் சத்தம் பத்தவில்லை என்று வருபவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நான் செய்யும் வைத்தியம் ஸ்பீக்கரை நகர்த்துவதுதான். ஒரு காதுக்கு மட்டும் ஸ்பீக்கர் போதும் என்றால் ஃபோனின் அணுகல்தன்மை அமைப்பில் மோனோ என்று இருக்கும், அதை இயக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மறுபக்கத்தில் ஒலிக்கும் புல்லாங்குழல் உங்களுக்கு வரவே வராது.

இப்போது கை. நானே ஒரு தடவை தவளக்குப்பம் தாண்டி, பிடிக்காத பாட்டு ஒன்று வந்ததென்று ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த ஃபோனைத் தொடப்போனேன். மழைத்துளி பட்டு ஸ்கிரீன் கேட்கவில்லை, இரண்டாவது தடவை தொட்டேன். நிமிர்ந்தபோது முன்னால் கரும்பு டிராக்டர் நின்றுகொண்டிருந்தது. மண்ணில் இறக்கி, விழுந்து, முழங்கை உரிந்ததோடு போயிற்று. அதற்குப் பிறகு ஃபோன் சட்டைப்பைக்கு உள்ளேதான். ஹெல்மெட் செட்டில் ஒரு பெரிய பட்டன், பெரும்பாலும் இடது பக்கம், ஆக்சிலேட்டர் கைக்கு வேலையில்லாமல் இருக்கும். அதில் நிறுத்து, ஓட்டு, இவ்வளவுதான் எனக்கு வேண்டும். பாட்டைத் தேடுவது, மாற்றுவது எல்லாம் வண்டி நிற்கும்போது. அப்படி மாற்றத் தேவையில்லாமல் முதல் நாள் ராத்திரியே பட்டியல் போட்டுவிடுகிறேன். பழைய கேசட் கடைப் புத்திதான்: போகும்போது 'ஏ' பக்கம், வரும்போது 'பி' பக்கம், 45 நிமிடம், 45 நிமிடம். மொத்த 9,000ஐயும் கலைத்துப் போட்டு ஓடவிட்டால் சுப்ரபாதத்துக்கு அடுத்து குத்துப்பாட்டு வரும், கை தானாக ஃபோனுக்குப் போகும்.

பட்டியல் போடுவதற்கு முன் சேகரிப்பைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். நிச்சயம் உங்களிடமும் ஆங்கிலத்தில் இளையராஜா மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் மூன்று ஆளாக இருப்பார். ஆல்பம் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ வெப்சைட் விளம்பரம் இருக்கும். ஒரே பாட்டு நாலு தடவை இருக்கும். எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே அடியில் மாற்றலாம். 9,000ஐயும் உட்கார்ந்து திருத்த வேண்டாம், ஆயுசு போய்விடும். வண்டிக்கு என்று 300 பாட்டைத் தனி ஃபோல்டரில் நகல் எடுத்து அதை மட்டும் திருத்துங்கள். அந்த நகலில் எம்பி3கெய்ன் ஓட்டிவிட்டால் எல்லாப் பாட்டும் ஏறக்குறைய ஒரே வால்யூமுக்கு வந்துவிடும். அது பாட்டைத் திரும்பச் சுருக்குவதில்லை, கோப்புக்குள் இருக்கும் வால்யூம் எண்ணை மட்டும் 1.5 டெசிபல் படிகளில் மாற்றுகிறது, தரம் கெடாது. ஒரு பாட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே கையை எடுக்கவைக்கும் இன்னொரு காரணம் இதோடு ஒழிந்தது.

ஃபோனா, தனி பிளேயரா? பழைய ஃபோன் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தால் அதில் கார்டைப் போட்டுப் பாட்டுக்கென்றே வைத்துக்கொள்வது என் முதல் யோசனை. சிம் வேண்டாம், கால் வராது, விழுந்தாலும் அழ வேண்டாம். மலிவான தனி பிளேயர் வாங்கினால் மூன்று விஷயம் பாருங்கள். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அடுக்கும் அமைப்பில் வரும், பழைய பிளேயர்கள் ஃபேட்32 மட்டுமே படிக்கும். தமிழ் எழுத்தில் பெயர் வைத்தால் பலவற்றில் வெறும் கட்டம்தான் தெரியும். கடைசியாக, இது பலருக்குத் தெரியாது, சில பிளேயர்கள் பெயர் வரிசையில் பாடாது, கார்டில் எந்த வரிசையில் நகல் எடுத்தீர்களோ அந்த வரிசையில் பாடும். 001, 002 என்று எண் போட்டு, அதே வரிசையில் நகல் எடுத்தால் தொல்லை இல்லை. ஸ்ட்ரீமிங் செயலியில் இறக்கி வைத்த பாட்டு அந்தச் செயலிக்குள் மட்டும்தான் பாடும், இந்த மாதிரி கார்டில் எடுத்துப் போக முடியாது.

இன்ஜின் அதிர்வு ஃபோனுக்குக் கெடுதலா என்றால், ஆமாம், கேமராவுக்கு. அதிக அதிர்வுள்ள பைக்கின் ஹேண்டில்பாரில் ஐஃபோனைப் பூட்டினால் கேமராவின் ஆட்டம் தடுக்கும் அமைப்பு பாதிக்கப்படலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எழுதியது. மெமரி கார்டில் அசையும் பாகமே இல்லை, அதற்கு அதிர்வால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஹார்ட் டிஸ்கை டேங்க் பேக்கில் போட்டு எடுத்துப் போகவே போகாதீர்கள். நம் ஊரில் அதைவிடப் பெரிய எதிரி உப்புக் காற்று. யுஎஸ்பி சாக்கெட்டுக்கு மூடி இல்லையென்றால் ஒரு ஐப்பசி கார்த்திகை போதும், பச்சை பூத்துவிடும். சார்ஜர் மாட்டினால் பேட்டரி பக்கத்திலேயே ஃப்யூஸ் போடச் சொல்லுங்கள், இக்னிஷன் அணைத்ததும் சார்ஜரும் அணையும்படி ரிலே வழியாக ஒயர் இழுக்கச் சொல்லுங்கள். நேராக பேட்டரியில் கொடுத்த சார்ஜர் ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, காலையில் செல்ஃப் எடுக்காத வண்டிகள் வாரம் ஒன்றாவது வருகின்றன.

சட்டத்தில் உறுதியானது இது: மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவில் 2019இல் கொண்டுவந்த திருத்தப்படி, ஓட்டும்போது கையடக்கத் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவது ஆபத்தாக ஓட்டுவதில் சேரும். 2020இல் வந்த விதிமாற்றம் வழி பார்ப்பதற்கு மட்டும் அதை அனுமதிக்கிறது. ஹெல்மெட் ஸ்பீக்கரில் பாட்டு கேட்பதை இதில் எப்படி வைப்பது என்பது வக்கீல் சொல்ல வேண்டியது. நடைமுறையில், புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டினால் தமிழ்நாட்டுப் போலீஸ், காதில் ஒயர் தொங்கினால் இரண்டு பக்கத்திலும் கேள்வி வரும். என் சொந்த விதி அதைவிடக் கடுமை. மரப்பாலம், முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் வரை பாட்டு கிடையாது. தவளக்குப்பம் தாண்டித்தான் பட்டனை அழுத்துவேன். கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் வந்தால் நிறுத்துவேன். ரெட்டிச்சாவடியிலிருந்து தென்பெண்ணைப் பாலம் வரை கேட்பேன். ஆல்பேட்டையில் நிறுத்தினால் திருப்பாதிரிப்புலியூர் வரை சும்மாதான். நீங்கள் முதுநகர் தாண்டி சிப்காட் போகும்போது கம்பெனி பஸ்களும் டேங்கர்களும் வரும்; அங்கேயும் வேண்டாம் என்பேன்.

ராமேஸ்வரப் பயணத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு ஃபோல்டர், ஒவ்வொன்றின் முடிவிலும் டீ. பாட்டு தூக்கத்தைத் தடுக்கும் என்பார்கள். என் அனுபவத்தில் அரை மணி நேரம்தான் தடுக்கும், அப்புறம் அதுவே தாலாட்டு. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மீமிசல், தொண்டி என்று ரோடு காலியாகப் போகும், நாதஸ்வரத்தை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். பாம்பன் ரோட்டுப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், குறுக்குக் காற்று வண்டியைத் தள்ளும். அதற்கு முன்பே அணைத்துவிடுங்கள்.

இனி அந்த 'டிக் டிக்'. கடைசியில் எழுதினீர்கள், ஆனால் இன்றைக்கு ராத்திரி செய்ய வேண்டியது அது ஒன்றுதான். அந்தச் சத்தம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஊசி தன் இடத்தைத் தேடித் தவிப்பது. கேபிளோ மின்சாரமோ பத்தாமல்கூட வரலாம், ஆகவே ஒரே ஒரு தடவை வேறு கேபிளில், கம்ப்யூட்டரின் பின்பக்க யுஎஸ்பியில் போட்டுப் பாருங்கள். திரும்பத் திரும்ப செருகிப் பார்க்காதீர்கள், ஸ்கேன் செய்யும் மென்பொருள் எதையும் ஓட்டாதீர்கள். திறந்தால், பாட்டுப் பெயர்களைத் திருத்துவதும் பாட்டு கேட்பதும் அப்புறம். சினிமாப் பாட்டு எங்கேயும் கிடைக்கும். அப்பாவின் நாதஸ்வர ஃபோல்டரை முதலில் ஒரு பென் டிரைவிலும் இன்னொரு இடத்திலும் நகல் எடுங்கள். திறக்கவே இல்லையென்றால் கடைக்காரர் யாரையும் மூடியைக் கழற்ற விடாதீர்கள், தூசு பட்டால் முடிந்தது. தரவு மீட்கும் வேலையையே தொழிலாகச் செய்பவர்களிடம் கொடுங்கள், செலவாகும். அந்தப் பழைய கேசட்டுகள் வீட்டில் இன்னும் இருக்கின்றனவா? இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், பூஞ்சை பிடித்திருந்தாலும் பரவாயில்லை. என்னிடம் ஓடுகிற டெக் ஒன்று இருக்கிறது.